தீப்பெட்டிக்குள் இருக்கிற பெண்கள்



மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும் என்று செயற்குழுவில் முடிவானது. கோலம், சமையல், கைவைத்தியம் எல்லாவற்றையும் மற்ற குழுக்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். "அதுல எழுத என்னக்கா இருக்கு?" என்று எங்கள் குழுவின் ஊக்குநர் கேட்டாள். நம் வட்டாரத்தில் தீப்பெட்டியைத் தொடாத கை இல்லை. ஆனால் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அதற்காக எத்தனை பெண்கள் என்னவெல்லாம் பட்டார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. படித்ததையும் என் அனுபவத்தில் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கங்கு வாங்கப் போன காலம்

தீப்பெட்டி வருவதற்கு முன்னால் நெருப்பை உண்டாக்குவதை விட, அணையாமல் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. ராத்திரி சமையல் முடிந்ததும் கங்கைச் சாம்பலுக்குள் மூடி வைப்பார்கள். காலையில் கிளறி, காய்ந்த ஓலையை வைத்து ஊதினால் பிடித்துக்கொள்ளும். அணைந்துபோனால் சிரட்டையோ வறட்டியோ எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் கங்கு வாங்கி வர வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டிப் பொறி எடுத்து, பஞ்சில் பிடிக்க வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். உலகம் முழுக்க ஏறக்குறைய இதே பாடுதான். நெருப்பைக் காக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருந்தது.

மூத்திரத்தில் தங்கம் தேடியவர்

தீப்பெட்டிக்கு உயிர் கொடுப்பது பாஸ்பரஸ். அதைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற ஊரில் ஹென்னிக் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். எப்படியாவது தங்கம் செய்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மனுசன் மூத்திரம் மஞ்சளாக இருக்கிறது, தங்கமும் மஞ்சளாக இருக்கிறது, அப்படியானால் இதற்குள் அது இருக்கும் என்று நினைத்து, பானை பானையாக மூத்திரத்தைச் சேர்த்துக் காய்ச்சினார். 1669-இல் கடைசியாக மிஞ்சியது தங்கம் இல்லை. இருட்டில் தானாக மினுங்குகிற மெழுகு போன்ற ஒரு பொருள். அதுதான் பாஸ்பரஸ். சுமார் நூறு வருசம் கழித்து ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் எலும்புச் சாம்பலிலும் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எலும்பிலிருந்து எடுத்த அந்தப் பொருள் பிற்காலத்தில் தீப்பெட்டித் தொழிலாளிகளின் எலும்பையே தின்றது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தீக்குச்சியை விட லைட்டர் மூத்தது! ஜெர்மனியில் டோபரைனர் என்ற வேதியியல் பேராசிரியர் 1823-இல் ஒரு விளக்கு செய்தார. அதற்குள் உண்டாகும் ஹைட்ரஜன் வாயு பிளாட்டினம் மேல் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும். மேசை மேல் வைக்கிற ஜாடி அளவு இருந்த அந்த லைட்டர் வந்த பிறகுதான் உரசினால் எரியும் குச்சி வந்தது.

கணக்கு நோட்டில் இருக்கும் ஆதாரம்

இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஜான் வாக்கர். மருந்து கலக்கிய குச்சி ஒன்று தரையில் உரசியதும் குப்பென்று பற்றிக்கொண்டதைப் பார்த்து அவர் தீக்குச்சியைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். 1827 ஏப்ரல் 7-ஆம் தேதி முதல் விற்பனை நடந்தது. வாங்கியவர் உள்ளூர் வக்கீல் ஒருவர். இவ்வளவு துல்லியமாக இது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? வாக்கர் தன் கடைக் கணக்கு நோட்டில் அன்றைய வரவை எழுதி வைத்திருந்தார். உரிமைப் பதிவு எதுவும் அவர் செய்யவில்லை. அவர் சரக்கைப் பார்த்து லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் அதே போலக் குச்சி செய்து 'லூசிபர்' என்று பெயர் வைத்து விற்றார். அப்படியும் முதல் ஆள் யார் என்று கேட்டால் வாக்கர் பெயர்தான் வருகிறது. அதற்குக் காரணம் அந்த நோட்டு. நம் குழுவில் வரவு செலவு எழுதுவதை "வெட்டி வேலை" என்று முணுமுணுக்கும் தங்கச்சிமார் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

வாக்கர் குச்சியில் பாஸ்பரஸ் கிடையாது. 1830-இல் பிரான்சு நாட்டு சார்லஸ் சோரியா வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். குச்சி எளிதாகப் பற்றியது. சுவரில், செருப்பில், எங்கே உரசினாலும் எரிந்தது. விலையும் மலிவு. சனங்கள் விரும்பி வாங்கினார்கள். அதைச் செய்கிறவர்களுக்கு என்ன ஆனது என்பதை வாங்கினவர்கள் யாரும் பார்க்கவில்லை.

தாடையைத் தின்ற நோய்

வெள்ளைப் பாஸ்பரஸின் புகையை நாள் முழுக்கச் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கும். சீழ் பிடிக்கும். தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அழுகும். நாற்றம் தாங்காமல் வீட்டு ஆட்களே ஒதுங்கிப் போவார்கள். தாடையை அறுத்து எடுத்தால் உயிர் தப்பலாம். இல்லாவிட்டால் சாவுதான். வேலை செய்கிற இடத்திலேயே சோறு சாப்பிட்டதால் விஷம் சோற்றோடும் உள்ளே போனது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. சிவப்புப் பாஸ்பரஸ் அவ்வளவு விஷம் இல்லை. 1844-இல் ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்து, பெட்டியின் பக்கத்தில் தடவும் முறையைக் கொண்டு வந்தார். அதே நாட்டில் யோன்ஷொப்பிங் என்ற ஊரில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய தொழிலாக வளர்த்தார்கள். இன்று நம் அடுப்படியில் இருப்பது இந்த வகைதான். நம் குச்சியின் தலையில் பாஸ்பரஸே கிடையாது. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், பசை, இவைதான் இருக்கும். பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கத்தில் உள்ள பழுப்புப் பட்டையில். குச்சியும் பட்டையும் சேர்ந்தால்தான் நெருப்பு வரும். அதனால்தான் இதைப் 'பாதுகாப்புத் தீக்குச்சி' என்கிறார்கள்.

பாதுகாப்பான முறை இருந்தும் பல முதலாளிகள் வெள்ளைப் பாஸ்பரஸை விடவில்லை. காரணம் ஒன்றுதான். அது மலிவு.

1,400 பெண்கள்

லண்டனில் கிழக்குப் பகுதியில் பௌ என்ற இடத்தில் பிரையண்ட் அண்ட் மே என்ற பெரிய தீப்பெட்டிக் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் இளம்பெண்கள். ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் நிறைய.

1888 ஜூன் மாதம் அன்னி பெசன்ட் என்ற பெண்மணி தொழிலாளிப் பெண்களிடம் பேசி, தான் நடத்திய 'தி லிங்க்' என்ற சின்னப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு 16 வயதுப் பெண்ணின் கணக்கு இருந்தது. பீஸ் ரேட் வேலையில் அவளுக்கு வாரத்துக்கு 4 ஷில்லிங் வரும். அக்காவோடு சேர்ந்து ஒரே ஒரு அறையில் குடியிருக்கிறாள். அறை வாடகை 2 ஷில்லிங். இந்தக் கூலியிலும் அபராதம் பிடிப்பார்கள். கால் அழுக்காக இருந்தால் அபராதம், வேலை நேரத்தில் பேசினால் அபராதம், எரிந்த குச்சி மேசையில் கிடந்தால் அபராதம். மிஷினில் விரல் சிக்காமல் இழுத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, மிஷினில் சரக்கு சுற்றிக்கொண்டது என்று ஒரு ஷில்லிங் அபராதம். இன்னொரு பக்கம் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு 20-க்கு மேல் லாபப் பங்கு போனது.

கட்டுரை வந்ததும் கம்பெனிக்காரர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். "இதில் எழுதியிருப்பது பொய், நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெண்கள் மறுத்தார்கள். அதையொட்டி ஆளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். உடனே மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் வெளியே வந்தவர்கள் சுமார் 1,400 பேர்.

இதில் ஒரு விசயத்தை நாம் கவனிக்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் எழுதும்போது அன்னி பெசன்ட்தான் வேலைநிறுத்தம் நடத்தினார் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அவர் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவே இல்லை. அந்தக் கம்பெனிச் சரக்கை வாங்காதீர்கள் என்றுதான் சனங்களிடம் கேட்டிருந்தார். கூலி இல்லாமல் இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்ற கவலை அவருக்கு. வெளியே போவது என்று முடிவு செய்தது அந்தப் பெண்கள்தான். லூயிஸ் ரா என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர்களில் சுமார் 200 பேர் ஊர்வலமாகப் பெசன்ட் அலுவலகம் வரை நடந்து போனார்கள். உள்ளே போய்ப் பேசிய சிலரில் சாரா சாப்மன் என்ற 25 வயதுப் பெண்ணும் ஒருவர். அதற்குப் பிறகு பெசன்ட் முழு மூச்சாக உதவினார். வேலைநிறுத்த நிதி வசூலித்தார், பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். தொழிலாளிப் பெண்களுக்கு நிதியிலிருந்து பணம் கொடுத்தபோது ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர்ப்பட்டியல் இன்றும் இருக்கிறது.

ஏறக்குறைய இரண்டே வாரத்தில் கம்பெனி இறங்கி வந்தது. அபராதம் ரத்து. தூரிகைக்கும் வண்ணத்துக்கும் கூலியில் பிடித்தம் செய்வது ரத்து. குறை இருந்தால் போர்மேனைத் தாண்டி நேராக நிர்வாகத்திடம் சொல்லலாம். சாப்பிடத் தனி அறை. வேலைநிறுத்தம் செய்தவர்கள் எல்லோருக்கும் திரும்ப வேலை. அந்த மாதமே பெண்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். அந்த நாட்டில் பெண்களுக்கென்று இருந்த சங்கங்களில் அப்போது அதுதான் பெரியது.

எல்லாமே அன்றைக்கே சரியாகிவிடவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் தொடர்ந்தது. 17 பேருக்குத் தாடை நோய் வந்ததைச் சொல்லாமல் மறைத்ததற்காக அதே கம்பெனிக்கு 1898-இல் நீதிமன்றம் அபராதம் போட்டது. எவ்வளவு தெரியுமா? 25 பவுண்டு 9 ஷில்லிங். 1901-இல்தான் அவர்கள் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டார்கள். 1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் சேர்ந்து அதைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. நம் நாட்டில் 1913-இல் அதற்குச் சட்டம் வந்தது.

அந்தக் கம்பெனிக்கு வெளியே இன்னொரு கூட்டம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பெண்கள். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டிக்கு, கூலி 2¼ பென்னி. 12 பென்னி சேர்ந்தால்தான் ஒரு ஷில்லிங். பசைக்கும் நூலுக்கும் அவர்கள் கைக்காசைத்தான் போட வேண்டும். பிள்ளைகளும் கூட உட்கார்ந்து ஒட்டினார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு லண்டன் தெரியவில்லை, எங்கள் தெருத் திண்ணைதான் தெரிந்தது.

பெசன்ட் நகர் என்ற பெயர்

சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனவர்கள் நம்மில் பலர் உண்டு. வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் பார்த்துவிட்டு வருவோம். அந்தப் பெசன்ட் இந்த அன்னி பெசன்ட்தான். 1893-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அடையாறில் உள்ள பிரம்மஞான சபைக்குத் தலைவரானார். நம் நாட்டுச் சுயாட்சிக்காக இயக்கம் நடத்தி, 1917-இல் காங்கிரசின் முதல் பெண் தலைவராகவும் ஆனார். 1933-இல் அடையாறிலேயே காலமானார். லண்டனில் தீப்பெட்டிப் பெண்களுக்காகப் பேனா எடுத்தவரின் பெயரில் நம் தலைநகரில் ஒரு பகுதி இருக்கிறது.

அவர் பெயர் நிற்கிறது. சாரா சாப்மன் எங்கே? சங்கத்தின் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1888-இல் தொழிற்சங்க மாநாட்டுக்கே போன பெண் அவர். இறந்தபோது பொதுக் குழியில் புதைத்தார்கள். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. பல வருசம் கழித்து, அவர் வம்சத்துப் பெண் ஒருவர் தேடிப்பிடித்த பிறகுதான் அந்த இடமே தெரிந்தது. வேலைநிறுத்தம் நடந்த கட்டடத்தில் 2022-இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள்.

கடன் கொடுத்த தீப்பெட்டி ராஜா

நாம் கடன் வாங்கிக் கடன் கட்டுகிறவர்கள் என்பதால் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் ஈவார் க்ரூகர் என்று ஒருவர். 'தீப்பெட்டி ராஜா' என்று பட்டப்பெயர். முதல் உலகப்போருக்குப் பிறகு பல நாடுகளின் அரசாங்கத்துக்குப் பணமுடை. இவர் போய் "நான் கடன் தருகிறேன், பதிலுக்கு உங்கள் நாட்டில் நான் மட்டும்தான் தீப்பெட்டி விற்பேன்" என்று ஒப்பந்தம் போடுவார். இப்படியே உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் அவர் கைக்குப் போனது. ஜெர்மனிக்கு மட்டும் 12 கோடியே 50 லட்சம் டாலர் கடன். 1932-இல் பாரிஸில் துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கணக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓட்டை. இத்தாலி அரசின் பெயரில் போலிப் பத்திரங்கள் கூட இருந்தன. அந்த ஆள் போய்ச் சேர்ந்தும் ஜெர்மனியில் அந்தத் தீப்பெட்டி ஒப்பந்தம் 1983 வரை நீடித்தது. கடன் கொடுக்கிறவன் என்ன நிபந்தனை போடுகிறான் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பேரப்பிள்ளை காலம் வரை இழுக்கும் என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

க்ரூகரின் ஸ்வீடன் கம்பெனி இந்தியாவுக்கும் வந்தது. 1923-இல் அவர்கள் தொடங்கியதுதான் விம்கோ கம்பெனி. சென்னை மெட்ரோ ரயிலில் வடக்கே 'விம்கோ நகர்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது ஒரு தீப்பெட்டி ஆலையின் பெயர்.

கரிசலுக்கு வந்த நெருப்பு

அதற்கு முன் நம் ஊர்க் கடைகளில் ஸ்வீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும்தான் அதிகம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். ஜெர்மன் மிஷினோடு ஆரம்பித்தாலும் பிறகு கைவேலைக்கு மாறினார்கள். மழை குறைந்த கரிசல் பூமியில் காய்ந்த காற்று உண்டு, அது தீப்பெட்டிக்குத் தோதானது. வெள்ளாமை இல்லாத மாதங்களில் வேலைக்கு ஆளும் உண்டு. விடுதலைக்குப் பிறகு கைவேலைத் தீப்பெட்டிக்கு அரசாங்கம் வரிச்சலுகையும் கொடுத்தது. சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், குடியாத்தம் என்று தொழில் பரவியது. பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத்தொழில் வளர்ந்தது. மருந்துக் கலவை தெரிந்ததால் பட்டாசு வந்தது. இன்று சிவகாசிக்கு இருக்கிற பெயருக்கெல்லாம் முதல் விதை இந்தத் தீப்பெட்டிதான்.

தொழிலைக் கொண்டு வந்தவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. அதைக் கையால் செய்தவர்கள் யார்?

ஆபீஸுக்குப் போன அம்மாமார்

நம் பக்கம் தீப்பெட்டி ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் "உங்க ஊர்ல பொம்பளைக எல்லாரும் ஆபீஸ் போறாங்களா!" என்று ஆச்சரியப்படுவார்கள். என் அம்மா முப்பது வருசத்துக்கு மேல் ஆபீஸ் போனவர். கட்டை அடுக்குவது அவர் வேலை. சட்டத்தின் வரிகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக, சம இடைவெளியில் அடுக்கி முடுக்க வேண்டும். அப்போதுதான் மருந்தில் முக்கும்போது தலைகள் ஒட்டாது. கண் பார்க்காது, விரலே எண்ணும். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. கோணலாக இருந்தால் அந்தக் கட்டை கணக்கில் சேராது. சேராத கட்டையில் உள்ள குச்சியும் முதலாளிக்குத்தான் என்பதை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

பெரியம்மாவுக்குப் பெட்டி அடைக்கிற வேலை. உரசிப் பற்றிக்கொண்டால் கை வெந்துவிடும். வீட்டில் அத்தையும் மதினியும் பெட்டி ஒட்டுவார்கள். நானும் என் வயசுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து லேபிள் ஒட்டினோம். எங்களில் பாதிப் பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வண்டி வரும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஏற்றி அனுப்பிய வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. குழந்தைகளை வைக்கக்கூடாத தொழில்களின் பட்டியலில் தீப்பெட்டியும் இருந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிவகாசி குறித்த வழக்கில், விதியை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு வண்டிகள் குறைந்தன. இன்று நம் குழுப் பெண்களின் பிள்ளைகள் கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறார்கள் என்றால், இது தானாக நடந்த மாற்றம் இல்லை.

இப்போது வேறு பயம். அரை ரூபாயிலிருந்து 2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 14 வருசம் அதே விலையில் நின்று 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. இடையில் மெழுகு, அட்டை, மருந்து எல்லாம் விலை ஏறியது. அதோடு வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் வேலையைத் தின்றுவிடும் என்பது உற்பத்தியாளர்கள் கணக்கு. 20 ரூபாய்க்குக் கீழான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. மூத்தவனான லைட்டரும் இளையவனான தீக்குச்சியும் இருநூறு வருசமாக இப்படிச் சண்டை போடுகிறார்கள். எங்கள் கவலை அந்தச் சண்டையில் யார் ஜெயிப்பது என்பதில்லை. கட்டை அடுக்கிய கைக்கு அறுபது வயதுக்கு மேல் என்ன மிச்சம் என்பதுதான்.

நம் நோட்டில் அவர்கள் பெயர்

சென்ற வருடம் எங்கள் ஊரில் ஒரு மூத்த அம்மா ஓய்வூதியத்துக்கு அலைந்தார். எத்தனை வருசம் தீப்பெட்டி வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். "சின்னப் பிள்ளையில இருந்து" என்றார். ஆதாரம் கேட்டார்கள். வேலை பார்த்த ஆபீஸ் மூடியாச்சு. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்ததா என்பதே தெரியாது. வீட்டு வேலைக்கு அதுவும் கிடையாது. அவரிடம் இருந்த ஒரே சாட்சி விரல் நுனியில் இருந்த காய்ப்பு.

ஜான் வாக்கருக்கு ஒரு கடை நோட்டு இருந்தது. லண்டன் பெண்களுக்கு வேலைநிறுத்த நிதியின் பெயர்ப்பட்டியல் இருந்தது. நம் அம்மாமாருக்கு எதுவும் இல்லை. ஆனால் நம்மிடம் தீர்மான நோட்டு இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் அரசு முயற்சியால் முதல் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் கூட ஒவ்வொரு கூட்டத்தையும் எழுத வைத்துப் பழகியிருக்கிறோம். நம் கூட்டமைப்பின் பெரிய சொத்து அந்தப் பழக்கம்தான்.

எனவே ஒரு யோசனை. இந்த மலர் கைக்கு வந்த பிறகு நடக்கும் கூட்டத்தில், ஒவ்வொரு குழுவும் தங்கள் தெருவில் தீப்பெட்டி வேலை பார்த்த, இன்னும் பார்க்கிற பெண்களின் பெயரை எழுதட்டும். என்ன வேலை, எந்த வருசத்திலிருந்து எந்த வருசம் வரை, ஆபீஸிலா வீட்டிலா, கூலி எவ்வளவு, உடம்புக்கு என்ன வந்தது, எல்லாவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளருக்கென்று அரசின் நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள்தான் அதில் பதிய முடியும். 58, 59 வயதில் இருக்கிற அக்காமாரை முதலில் பாருங்கள், அவர்களுக்கு நாள் குறைவு. எழுதிய பட்டியலின் ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்தால், விண்ணப்பம் போடும் வேலையை நாங்கள் சேர்ந்து செய்கிறோம்.

முதல் பெயராக என் அம்மாவின் பெயரை எங்கள் குழு நோட்டில் எழுதிவிட்டேன். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, வாரியத்தால் அவருக்குப் பயன் இல்லை. "எனக்கு எதுக்குடி?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியதும், "கூட வேலை பார்த்தவள்களை விட்டுட்டியே" என்று இன்னும் பதினொரு பெயர் சொன்னார். அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேருக்கு இன்னும் அறுபது ஆகவில்லை.